தையல் மிஷினோடு விமானம் ஏறுவது எப்படி: பெங்களூருவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

அல்சூரில் என் தையல் வகுப்புக்கு வந்து பழகியவர்களில் வருஷத்துக்கு நாலைந்து பேர் ஊர் மாறிப் போகிறார்கள். கல்யாணமாகி டெல்லிக்கு ஒருத்தி, கணவருக்கு மாற்றலாகி அகமதாபாத்துக்கு ஒருத்தி, மகளுக்குப் பிரசவம் பார்க்க நியூ ஜெர்சி கிளம்பும் அம்மா ஒருவர். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எல்லோரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "அக்கா, மிஷினை பிளேன்ல எடுத்துட்டுப் போக விடுவாங்களா?"

விடுவார்கள். தையல் மிஷின் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. எடையும் அளவும் ஒத்துவந்தால் கையோடு கொண்டுபோகலாம், இல்லையென்றால் செக்-இன் பெட்டியில் போடலாம். விடுவார்களா என்பதைவிட, போய்ச் சேரும்போது அது தைக்கும் நிலையில் இருக்குமா என்றுதான் கவலைப்பட வேண்டும். முதல் தடவை நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்கா மகள் கல்யாணத்துக்கு டெல்லி கரோல் பாக் போனேன். பத்துப் பன்னிரண்டு ரவிக்கை அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. புடவைகளுக்கு நடுவில் மிஷினை வைத்துப் பெட்டியை மூடினேன். மெத்தை மாதிரி இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். டெல்லியில் திறந்தால் வலப்பக்கத்து வீல் விளிம்பு உடைந்து, தண்டு உள்ளே தள்ளி, சுற்றவே மாட்டேன் என்றது. நூல் கண்டு மாட்டும் கம்பி முறிந்து புடவை மடிப்புக்குள் கிடந்தது. பெட்டியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தக் கீறலில்லாத பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து யாரும் மிஷினை உடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டபோது உள்ளே ஆறு கிலோ எடை நகர்ந்து, தன் வீலின் மேல் தானே போய் மோதியிருக்கிறது. புடவை மெத்தென்று இருக்கும், ஆனால் அழுந்தி விலகிக் கொடுத்துவிடும். நான் இப்போது மிஷின் கட்டும்போது செய்வதெல்லாம் இரண்டே காரியத்துக்காக: மிஷின் பெட்டிக்குள் அசையக் கூடாது, துருத்திக்கொண்டிருக்கும் எந்தப் பாகத்தின் மேலும் மிஷினின் பாரம் இறங்கக் கூடாது.

முதலில் எடை பாருங்கள்

எந்த மிஷின் என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம். மேசைமேல் வைத்துத் தைக்கும் ஜிக்ஜாக் மிஷின்கள், வெள்ளை பிளாஸ்டிக் உடம்போடு உஷா ஜனோம், சிங்கர், பிரதர் என்று வருகிறவை, பெரும்பாலும் ஆறு கிலோவை ஒட்டி இருக்கும். கறுப்பு இரும்பு மிஷின், அதாவது மிதி ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் பழைய தலை, தலை மட்டுமே 11, 12 கிலோ வரும். பொட்டீக் தையலகங்களில் ஓடும் பவர் மிஷினின் தலை 30 கிலோவைத் தொடும். அதை விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். மேசையையும் மோட்டாரையும் சேர்த்து லாரி சர்வீஸில் போட்டுவிடுங்கள். மிதி ஸ்டாண்டும் அப்படித்தான். ரயில் பார்சலில் அனுப்பலாம், அல்லது போகிற ஊரில் பழைய ஸ்டாண்டாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் சாமான் எடை பார்க்கும் தராசு இல்லையென்றால் ஆள் எடை பார்க்கும் மிஷின் போதும். நீங்கள் மட்டும் ஒருமுறை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கையில் 7 கிலோ, செக்-இன்னில் 15 கிலோ. கணக்கு இப்படி வரும்: பெரிய கெட்டிப் பெட்டி வெறுமனே 4 கிலோ, மிஷின் 6, மெத்தை ஒன்றரை. பதினொன்றரை ஆயிற்று. துணிமணிக்கு மிச்சம் மூன்றரை கிலோ. கறுப்பு மிஷின் என்றால் பெட்டியும் மிஷினுமே 15-ஐ எட்டிவிடும். கூடுதல் எடை வேண்டுமென்று தெரிந்தால் டிக்கெட்டோடு ஆன்லைனிலேயே வாங்கிவிடுங்கள், கவுன்ட்டரில் போய்க் கட்டுவது அதிகம். வெளிநாட்டுக்கு எடை அதிகம் கிடைக்கும். ஆனால் எங்கே போனாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், தூக்குகிற ஆளின் இடுப்புக்காக வைத்த அளவு அது.

கையோடா, பெட்டியிலா?

சிறிய மிஷினாக இருந்தால் கையோடு கொண்டுபோவதுதான் என் விருப்பம். நம் கண்ணெதிரே இருக்கும், யாரும் வீசமாட்டார்கள். பல விமானங்களில் கைப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேசை மிஷின் பெரும்பாலும் அதற்குள் அடங்கும், மெத்தையோடு கட்டிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். எடையில்தான் இடிக்கும். மிஷின் 6, பையும் மெத்தையும் ஒரு கிலோவுக்குள் அடக்கினாலே 7 முடிந்தது. ஆகவே கால் பெடல், வயர், கழட்டக்கூடிய பக்கப் பலகை, அதற்குள் இருக்கும் ஃபுட்டுகள் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதங்கள்) எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். பெடல் ஒன்றுதானே என்று பையில் திணித்து, கவுன்ட்டரில் எட்டு கிலோ காட்டி, கியூ நிற்கும்போது தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான டிக்கெட்டுகளில் கைக்கு ஒரே பைதான். மிஷின் பையே அந்த ஒரு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தோள்பை தனியாக விடுவார்கள், மருந்தும் பணமும் அதில்.

கையோடு கொண்டுபோகக் கூடாத சமயங்களும் உண்டு. இறக்கை மேலே, காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானங்கள் சின்ன ஊர்களுக்குப் போகின்றன. அவற்றில் தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. படிக்கட்டருகே வாங்கிச் சாமான் அறையில் போட்டுவிடுவார்கள். விமானம் நிறைந்துவிட்டால் பெரிய விமானங்களிலும் இது நடக்கும். அதனால் கையில் கொண்டுபோகும் மிஷினையும், அடியில் போனாலும் தாங்கும்படி கட்டுங்கள். வெறும் துணிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கறுப்பு மிஷினுக்கு இந்த யோசனையே வேண்டாம், செக்-இன் ஒன்றுதான் வழி.

கட்டுவது

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையிலேயே உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அவசரத்தில் செய்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

முதலில் நூலை எடுங்கள், மேல் நூல், அடி நூல் இரண்டும். ஊசியைக் கழட்டுங்கள். இதை எல்லோரும் மறக்கிறார்கள். ஊசி மாட்டியபடியே ஆடினால் நுனி பிளேட்டில் குத்தி வளையும், சில சமயம் ஊசிக் கம்பியே சாய்ந்துவிடும். அப்புறம் எந்த ஊசி போட்டாலும் தையல் விட்டுவிட்டு விழும். அடி நூல் சுற்றியிருக்கும் பாபின், அதைத் தாங்கும் பாபின் கேஸ் இரண்டையும் எடுத்துச் சின்ன டப்பியில் போடுங்கள். உள்ளே பிரஷ் விட்டுப் பஞ்சையும் நூல் துகளையும் துடைத்துவிடுங்கள்.

இனி ஒரு பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து, துணியை நகர்த்தும் பல்லின் மேல் வைத்து, ஃபுட்டை அதன் மேல் இறக்குங்கள். ஃபுட் துணியைக் கவ்விக்கொள்ளும், ஆடாது. நூல் கண்டுக் கம்பி கழட்ட வருவதாக இருந்தால் கழட்டுங்கள், மடக்குவதாக இருந்தால் மடக்குங்கள். தையல் அளவுக் குமிழை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த நிலையில் மிஷினை செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று. சேதம் என்று புகார் எழுதும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

அடுத்தது மிஷினின் கைக்கு அடியில் இருக்கும் இடைவெளி. நாம் துணியைத் தள்ளும் அந்தச் சந்து வெறுமையாக இருந்தால், மேலிருந்து பாரம் விழும்போது கை தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். ஒரு கைத்துண்டை இறுக்கமாகச் சுருட்டி, உள்ளே தள்ளினால் வெளியே வராத அளவுக்கு அடையுங்கள். ரவிக்கைத் துணிகளைச் சுருட்டியும் வைக்கலாம். போகிற வீட்டில் தைக்கப்போகிற துணி இப்படியே வந்து சேர்ந்துவிடும்.

வாங்கியபோது வந்த தெர்மாகோல் அச்சு பத்திரமாக இருக்கிறதா? அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மிஷினின் வடிவத்துக்கே குடைந்து, வீல் எதன் மேலும் படாதபடி செய்திருப்பார்கள். மிஷினை அச்சோடு அதன் அட்டைப்பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைச் சூட்கேஸுக்குள் வைத்துச் சுற்றிலும் துணியை அடைத்தால் போதும்.

அச்சு இல்லாதவர்கள் ஃபோம் வாங்குங்கள். சோபா தைக்கிற கடைகளில் கெட்டி ஃபோம் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். கையால் அழுத்தினால் சட்டென்று குழியும் மென்மையான ஃபோம் வேண்டாம். அது என் புடவை செய்த வேலையைத்தான் செய்யும். பழைய யோகா பாயைக்கூட வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாகவே தாங்கியது. அடியில், மேலே, நாலு பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் இருக்கட்டும். வீல் பக்கத்துக்குத் தனி வேலை இருக்கிறது: வீலைவிடப் பெரிதாக ஒரு வட்டத்தை ஃபோமில் வெட்டி எடுத்து, அந்தப் பள்ளத்துக்குள் வீல் இருக்கும்படி வையுங்கள். அப்போது பாரம் வீலைச் சுற்றியுள்ள உடம்பின் மேல் இறங்கும், வீலுக்கு ஒன்றும் ஆகாது. என் டெல்லிப் பயணத்துக்கு இந்த ஒரு ஃபோம் துண்டு இருந்திருந்தால் போதும்.

மிஷினை முதலில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் கசிந்தால் துணியெல்லாம் கறையாகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஒன்றிரண்டு உள்ளே போடுங்கள். பெட்டிக்குள் மிஷினின் தட்டையான அடிப்பாகம் பெட்டியின் சக்கரப் பக்கமாக வரட்டும். பெட்டியை நிறுத்தி இழுக்கும்போது மிஷினும் நிமிர்ந்தே நிற்கும்.

பெட்டியை மூடிய பிறகு இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்குங்கள். தயங்காமல் குலுக்குங்கள், விமான நிலையத்தில் இதைவிடப் பலமாகக் குலுக்குவார்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் திறந்து, எந்த மூலை காலியாக இருக்கிறதென்று பார்த்து அடையுங்கள். சத்தமே கேட்காதவரை என் வகுப்புப் பிள்ளைகளின் பெட்டியை நான் பூட்ட விடுவதில்லை.

பாட்டி காலத்துக் கறுப்பு மிஷின்

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உடைத்துக்கொண்டால் திரும்ப வாங்க முடியாது. வார்ப்பிரும்பு கனமாக இருப்பதால் உறுதி என்று எல்லோரும் நம்புகிறார்கள். வார்ப்பிரும்பு வளையாது, அடி பட்டால் விண்டுவிடும். அடித்தட்டின் மூலையோ வீலின் ஆரமோ உடைந்தால் வெல்டிங்கும் லேசில் பிடிக்காது.

முதல் விதி: மரப்பலகையோடு சேர்த்து அனுப்பவே கூடாது. தலை பலகையில் இரண்டு கீல்களில்தான் தொங்குகிறது. பெட்டி கவிழ்ந்தால் அந்த இரண்டு இடமும்தான் மொத்த எடையையும் தாங்கும். தலையைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், அடித்தட்டின் பின்விளிம்பில் கீல் கம்பி நுழையும் இடத்தில் கீலுக்கொரு திருகு இருக்கும். இரண்டையும் தளர்த்தினால் தலை கையோடு வந்துவிடும். இதை இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு வீல். நடுவில் இருக்கும் குமிழில் ஒரு சின்னத் திருகு தெரியும். அதைத் தளர்த்திக் குமிழைச் சுற்றி எடுத்தால், உள்ளே மூன்று காதுள்ள ஒரு வாஷர் இருக்கும். இங்கே நில்லுங்கள். அந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்த பிறகே தொடுங்கள். அதன் நடுவில் இரண்டு சிறு கொம்புகள் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். திரும்ப மாட்டும்போது மாறிப்போனால், பாபின் சுற்றக் குமிழைத் தளர்த்தினாலும் ஊசி நிற்காமல் ஓடும், அல்லது குமிழை எவ்வளவு இறுக்கினாலும் வீல் வெறுமனே சுற்றும். நிறையப் பேர் மிஷின் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போவது இதற்குத்தான். வாஷரை எடுத்து அரைவட்டம் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். வீலைக் கழட்டிவிட்டால் பெட்டிக்குள் மிஷின் கச்சிதமாக உட்காரும், உடைய ஒன்று குறையும்.

பக்கத்தில் மோட்டார் மாட்டியிருந்தால் பெல்ட்டை எடுத்துவிட்டு, மோட்டாரையும் கழட்டித் தனியாகச் சுற்றுங்கள். துருத்திக்கொண்டிருக்கும் கனமான பாகம் அதுதான். முகப்பில் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து டேப் போட்டு ஒட்டுங்கள். டேப் கறுப்பு வர்ணத்திலும் தங்கப் பூவேலையிலும் படாமல் துணி வைத்து ஒட்டுங்கள், பிய்க்கும்போது பூவும் சேர்ந்து வந்துவிடும். அட்டைப்பெட்டியில் அனுப்புவதானால் ஐந்தடுக்கு அட்டையாக, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டி, நடுவில் ஃபோம்.

கத்தரிக்கோல், எண்ணெய், பேட்டரி

கத்தரிக்கோல், தையல் பிரிக்கும் ரிப்பர், பிளேடு, வட்டக் கத்தி, ஸ்க்ரூ டிரைவர், ஊசிப் பொட்டலம், இவை எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தால் எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். இருபது வருஷம் கைக்குப் பழகின கத்தரிக்கோலை அப்படி இழந்த ஒரு டெய்லர் அண்ணனைத் தெரியும், இன்றைக்கும் அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மாறும். மிஷினுக்கு அடியில் இருக்கும் சின்ன அறையை மறக்காமல் திறந்து பாருங்கள், ரிப்பரும் திருப்புளியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரிக்கோலைக் கைப்பையில் விடுவார்கள். அதை நம்பி வராதீர்கள். வழியில் விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதனை உண்டு, அங்கே அந்த ஊர் விதி.

மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துப் போகவே வேண்டாம். போகிற ஊரில் சின்னச் செலவில் கிடைக்கும் பொருளுக்காகப் பெட்டியைத் திறக்க வைக்காதீர்கள். கறை எடுக்கும் பெட்ரோல், தின்னர், துணி ஒட்டும் ஸ்பிரே, இவை தீப்பற்றும் பொருள்கள், எந்தப் பெட்டியிலும் கூடாது. பவர் பேங்க்கும் தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரியும் கைப்பையில் மட்டும். செக்-இன்னில் போட்டால் பெட்டி நின்றுவிடும். கேன்வாஸ், லைனிங், நூல் கண்டு, இன்ச் டேப், சாக்பீஸ், அயர்ன் பாக்ஸ் எல்லாம் தாராளமாகப் போகும்.

தேவனஹள்ளியில்

நகரத்திலிருந்து தேவனஹள்ளி கெம்பேகவுடா விமான நிலையம் 35 கிலோமீட்டர் போல. மெஜஸ்டிக்கிலிருந்தும் நகரத்தின் பல இடங்களிலிருந்தும் வாயு வஜ்ரா பஸ் போகிறது, பெட்டி வைக்க இடம் உண்டு. செக்-இன் பெட்டிக்கு அது போதும். கையில் கொண்டுபோகும் மிஷினை மட்டும் அடுக்கில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெப்பால் மேம்பாலத்து நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். டிக்கெட்டில் டெர்மினல் ஒன்றா இரண்டா என்று முதல் நாளே பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் மிஷினைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரிய பாடு.

மிஷினோடு போகும்போது வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். உள்நாட்டுக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனையில் கையில் இருக்கும் மிஷினை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டால் திரும்பி வந்து செக்-இன்னில் போட வேண்டியிருக்கும். அந்த அதிகாரி சொல்வதுதான் அங்கே முடிவு, வாதாடி நேரத்தை விடாதீர்கள்.

கவுன்ட்டரில் "உள்ளே தையல் மிஷின் இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். ஃபிராஜைல் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். கூடவே ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்கலாம். உடையும் பொருள், சேதமானால் கம்பெனி பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள். ஸ்டிக்கர் இருக்கிறதென்று மெத்தையைக் குறைக்காதீர்கள்.

கைப்பை எக்ஸ்ரேயில் நிற்கும், அதற்குத் தயாராக இருங்கள். இரும்பும் மோட்டாரும் சேர்ந்து திரையில் ஒரே இருட்டுக் கட்டியாகத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. திறந்து காட்டச் சொல்வார்கள். அதனால் மேலே ஜிப் திறந்ததும் மிஷின் தெரிகிற மாதிரி கட்டுங்கள், டேப்பை ஆறு சுற்றுச் சுற்றி வைக்காதீர்கள். பெல்ட்டில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் வேலை சுலபம். அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தி பேசுகிறவர்கள், "சிலாயி மெஷீன்" என்றால் போதும். கன்னடக்காரர் என்றால் "ஹொலிகெ மெஷின்". போன தடவை ஓர் அம்மா, நாற்பது வயது போல இருக்கும், சீருடையில் என் பையைத் திறந்தார். ஃபுட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊசி எங்கே?" என்று இந்தியில் கேட்டார். செக்-இன் பெட்டியில் என்றேன். தலையசைத்து, தானே ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தார். தைக்கத் தெரிந்த கை என்று அந்தத் துணியைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது.

செக்-இன் பெட்டியையும் உள்ளே எக்ஸ்ரே பார்ப்பார்கள். ஏதாவது சந்தேகம் என்றால் உங்களைக் கூப்பிடுவார்கள். போனை அணைத்துவிடாதீர்கள்.

விமானத்துக்குள் மிஷினைத் தலைக்கு மேலே ஏற்ற யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். ஏழு கிலோ கை நழுவி விழுந்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் தலைதான். முன் சீட்டுக்கு அடியில் நுழைந்தால் அதுவே நல்லது. அவசர வழி வரிசையில் தரையில் எதுவும் வைக்க விடமாட்டார்கள், அந்த சீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கடல் தாண்டினால்: கரன்ட் முக்கியம்

மிஷின் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, முதல் நாளே கரன்ட்டில் எரிந்துபோன கதைகள் உண்டு. நம் ஊரில் 230 வோல்ட். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து எல்லாம் ஏறத்தாழ அதேதான், அங்கே பிளக் மட்டும் சதுரக் கால் மூன்று. பத்து நிமிஷ வேலை, ஓர் அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. இங்கே வாங்கிய சாதாரண மோட்டார் மிஷினை அங்கே மாட்டினால் சோம்பலாக ஓடும், தடித்த துணியில் நின்றுவிடும். அங்கே வாங்கிய மிஷினை இங்கே நேரடியாக மாட்டினால் மோட்டாரும் பல்பும் எரியும்.

மிஷினின் பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். '100-240' என்று இருந்தால் எங்கேயும் ஓடும், கம்ப்யூட்டர் மிஷின்கள் சிலவற்றில் அப்படி இருக்கும். '220-240' என்று மட்டுமோ '120' என்று மட்டுமோ இருந்தால், வேறு வோல்ட் உள்ள நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடாப்டர் பிளக்கின் காலை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் மோட்டாரை எரிக்கிறார்கள். மிஷின் 100 வாட் என்று தகட்டில் இருந்தால் 200 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மராகப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மிஷின் கொண்டுவருகிறவர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுப் பக்கம் மின்சாமான் கடைகளில் தகட்டின் போட்டோவைக் காட்டிக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கனமான செம்புச் சுருள், அதைப் பெட்டியில் சுமக்காமல் போகிற ஊரிலேயே வாங்குவது மேல்.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று மாதத்துக்கு மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் 230 வோல்ட் மிஷினை அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கத்தரிக்கோலையும் ஃபுட்டுகளையும் மட்டும் கொண்டுபோய், அங்கே மகளை ஒரு சிறிய மிஷின் வாங்கச் சொல்லுங்கள். நிரந்தரமாகப் போகிறவர்களும், கை பழகிய மிஷினை விட மனமில்லாதவர்களும் எடுத்துப் போகட்டும், அந்த மனசு எனக்குப் புரியும். மிதி மிஷினாக இருந்தால் கரன்ட் கவலையே இல்லை.

எடுத்துப் போகிறவர்கள் கூடவே ஐந்தாறு பாபின், இன்னொரு பாபின் கேஸ், ஒரு பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். பாபின் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உயரம் துளி மாறினாலும் அடி நூல் சிக்கும்.

விலை உயர்ந்த எம்ப்ராய்டரி மிஷினை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். சீரியல் நம்பரோடு எழுதித் தருவார்கள். அது இருந்தால் திரும்பும்போது இது புதிதாக வாங்கியதா என்ற கேள்வியும் வரியும் இல்லை. பில்லின் நகலும் கையில் இருக்கட்டும். இன்னொன்று: பார்வையாளர் விசாவில் போகிறவர்களை, மிஷினைப் பார்த்து "வேலை செய்ய வருகிறாயா?" என்று குடியேற்ற அதிகாரி கேட்கலாம். அந்த விசாவில் கூலிக்குத் தைக்க அனுமதி இல்லை. பேரக் குழந்தைக்குச் சட்டை தைக்கத்தான் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

இறங்கியதும்

பெல்ட்டில் பெட்டி வந்தவுடன் அங்கேயே ஓர் ஓரமாகத் திறந்து பாருங்கள். வெளியில் கீறலில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். ஏதாவது உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே போவதற்கு முன் விமான கம்பெனியின் சாமான் கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து, சேதப் பதிவின் நகலை வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்தில் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். டெல்லியில் நான் வீட்டுக்குப் போய்த்தான் திறந்தேன், மறுநாள் போன் செய்தபோது என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் உடனே கரன்ட்டில் மாட்டாதீர்கள். அடியில் குளிர்ந்து வந்த இரும்பு, புழுக்கமான ஊரில் வியர்க்கும். மூன்று நான்கு மணி நேரம் வெளியே வைத்துத் துடையுங்கள். ஊசியும் நூலும் போடுவதற்கு முன் வீலைக் கையால் நம் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், மோட்டாரால் இழுக்க வைக்காதீர்கள். தடையில்லாமல் சுற்றினால் புது ஊசி மாட்டி, நிதானமாக ஓர் ஊசிக் குத்து, இன்னொன்று. ஊசி பிளேட்டுத் துவாரத்தின் நடுவில் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஓரமாக உரசினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கழிவுத் துணியில் பத்து நிமிஷம் ஓட்டிய பிறகு நல்ல துணியை வையுங்கள், இல்லாவிட்டால் முதல் ரவிக்கையிலேயே எண்ணெய்க் கறை.

ஃபோம் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எது எந்தப் பக்கம் என்று பேனாவால் எழுதி, அதே பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். வீலுக்கு வெட்டிய வட்டத் துண்டு மேலே தெரிகிற மாதிரி இருக்கட்டும்.